நஞ்சேகவுடின் பிளக்

ராயக்கோட்டைத் தக்காளி மண்டிக்குப் பின்னால்
காலிக் கிரேட்டுகளுக்கு நடுவே நின்றிருந்தது எஸ்டி.
முனிரத்தினம் பன்னிரண்டாயிரம் சொன்னார்.
பத்துக்கு இறங்கியபோதுதான்
ஆர்சி புத்தகத்தில் வேறொருவர் பெயர் இருப்பதையும்
சேர்த்துச் சொன்னார்.

சைலன்சரைத் தட்டினேன்.
குளவி கட்டிய மண் பொலபொலவென்று உதிர்ந்தது,
கூடவே காய்ந்த புழு ஒன்று.
கார்ப்பரேட்டர் ஜெட்டுக்கு
பிரேக் ஒயரில் பிரித்த ஒற்றை இழை,
பாயிண்டுக்கு உப்புத்தாள்.
ஓசூரில் வாங்கிய புது பிளக்
பொறி காட்டவே இல்லை.

நாலு ஞாயிறு.
இடது கெண்டைக்கால் கன்றிப்போயிற்று.
"இரும்புக்குப் போடுங்கக்கா, மூவாயிரம் தேறும்"
ஜெராக்ஸ் எடுக்க வருகிறவனெல்லாம் சொன்னான்.

டூல் பாக்ஸின் அடியில்
மண்ணெண்ணெய் ரசீதில் சுற்றிய பிளக் ஒன்று.
ரசீதில் எம். நஞ்சேகவுடு.
ஆர்சியிலும் அவர்தான்.
எனக்காக வைத்ததல்ல அது,
அஞ்செட்டி மேட்டில் இருட்டில் நின்றுவிட்டால் என்று
தனக்காக வைத்தது.

ஏழாவது உதையில்
தெரு முழுக்க நீலப் புகை.
எதிர்வீட்டுக் குழந்தை வீரிட்டது.
அணைந்துவிடுமோ என்கிற பதற்றத்தில்
உதைத்த அதே கம்பியை முன்னால் மடக்கி
முதல் கியர் போட்டேன்.
கிளம்பிவிட்டது.

பிரேக்கைப் பற்றி அதுவரை
நான் யோசித்திருக்கவே இல்லை.