விலாசம் தப்பி

கானாடுகாத்தானில் வீட்டுக்கு முகம் ஒரு தெருவில்,
முதுகு அடுத்த தெருவில்.
எங்கள் விலாசம் அரு.சோ.
எங்கள் முதுகோடு முதுகு ஒட்டிய வீடு சோ.அரு.
தபால்காரரே முப்பது வருடமாகக் குழம்புகிறார்,
காருக்குள் பேசுகிற வரைபடக்காரியை
என்ன குறை சொல்ல.

அன்று இரண்டு வீட்டிலும் பெண் பார்க்கிறார்கள்.
ஒரே தரகர், ஒரே நல்ல நேரம்,
ஒரே சமையல்காரர் சுட்ட வெள்ளைப் பணியாரம்.
எனக்கு வரவேண்டியவர் கதிரேசன்,
சிங்கப்பூரில் பேங்க், சுத்த சைவம்.
வந்தவர் உட்கார்ந்ததும்
"பக்கத்துல எங்கேயோ நண்டு கொதிக்குது"
என்றார், ஏக்கமாக.
கூட வந்த சித்தப்பாவுக்குக் காது மந்தம்.
அவருக்கு எல்லா வீடும் ஒரே வீடு.

நான் ஆடிட்டர்.
தப்பான எண் தாளில் மூச்சுவிடுவது
எனக்குக் கேட்கும்.

அப்பச்சி கேட்டார்: "வட்டி இன்னும் ஏறுமா மாப்பிள்ளை?"
"அதை விடுங்க, ஏன் இடது பக்கமே மெல்லுறீங்க?"
போன் விளக்கைப் போட்டு
விரித்திருந்த புதுக் கம்பளத்தில் மண்டியிட்டு
கடைவாய்ப் பல்லை எட்டிப் பார்த்தார்.
அப்பச்சி, திறந்த வாயை மூடாமல்,
அம்மாவுக்குக் கண்ணாலேயே சொன்னார்:
பேங்க்காரர், பல்லும் பார்க்கிறார்,
வேறென்ன வேண்டும்.

விசாலத்துக்குச் செய்தி அனுப்பினேன்:
"உன் ஆளு இங்கே இருக்கார்."
"உன் ஆளு இங்கே, உமையா.
என் பாட்டைக் கேட்டு அழுறார்."
"மாத்திடலாமா?"
எழுதுகிறாள், நிறுத்துகிறாள், எழுதுகிறாள்.
"பணியாரம் முடியட்டும்."

தனியாகப் பேசச் சொல்லி இரண்டாம் கட்டுக்கு அனுப்பினார்கள்.
தூணுக்கு ஒரு காது நின்றது.
"நல்லாப் பாடுவீங்களாமே?"
அது விசாலம். எனக்குக்
கொட்டாவிகூடச் சுருதி சேராது.
"இன்னைக்குத் தொண்டை சரியில்லை."
"எங்கே, ஆ சொல்லுங்க."
சொன்னேன்.
"இன்னும் பெருசா" என்றார்.

அப்போதுதான் வயிற்றில் ஒன்று உருண்டது.
எங்கள் கோயில் பிள்ளையார்பட்டி.
இவரும் அதே கோயில் என்றால் அண்ணன்.
இரணியூர் என்றாலும் அண்ணன்தான்.
ஒன்பதில் இரண்டு.
இதைவிடச் சின்ன ஆபத்துக்கெல்லாம்
கம்பெனியையே மூடச் சொல்லியிருக்கிறேன்.

"உன் ஆளு என்ன கோயில்?"
ஒரு டிக். இரண்டு டிக். நீலமாகவில்லை.
பின்வீட்டில் அவள் அனுபல்லவியில் இருக்கிறாள்.
முற்றத்துக் கம்பிமேல் ஒரு புறா.
"பாருங்க, பல்லே கிடையாது,
என்ன நிம்மதியா இருக்கு" என்றார் இவர்.
பிள்ளையாரப்பா,
இந்த ஆள் அண்ணனாக இருக்கக் கூடாது.

"வேலங்குடி. உன்னது?"
"மாத்தூர்."
பின்வீட்டுப் பாட்டு அரைக்கட்டை ஏறியது.
நான் சிரித்துவிட்டேன்.
புறாவுக்காகச் சிரித்தேன் என்று
நாச்சியப்பன் இன்றுவரை நம்புகிறார்.

நாலரை மணிக்குத் தரகர் வந்தார்,
இரண்டு தெருவையும் சுற்றி ஓடிய வேர்வையோடு.
"மோசம் போச்சு! இவர் தேவகோட்டைப் பல் டாக்டர்!
அந்த வீட்டுக்கு வரவேண்டியவர்!"
அப்பச்சி கன்னத்தைத் தடவிக்கொண்டார்.
"வியாழக்கிழமை வேர் சிகிச்சைக்குத்
தேதி கொடுத்துட்டாரே.
இனிமே எப்படித் திருப்பிக் கொடுக்கிறது?"
பின்வீட்டிலும் கேட்டுப் பார்த்தார்கள்.
அங்கே கதிரேசன் இரண்டாவது கைக்குட்டையில் இருந்தார்.

இசைகுடிமானம் எழுதிய அன்று
தரகர் துண்டுச்சீட்டு நீட்டினார்:
வீடு இரண்டு, தவறு ஒன்று, கூலி மூன்று.
கூட்டல் சரியாக இருந்தது.
கையெழுத்துப் போட்டேன்.

போன வாரம், நண்டு உடைத்துக்கொண்டே கேட்டார்:
"ஆள் மாறிடுச்சுன்னு எப்பத் தெரியும் உனக்கு?"
"நீங்க நண்டுன்னு சொன்னப்பவே."
"அப்புறம் ஏன் வாயே திறக்கலை?"
"திறந்தேனே," என்றேன்.
"இன்னும் பெருசா-ன்னீங்க."