மூன்றாவது வால்வு

எங்கள் யூஃபோனியத்துக்கு மூன்றாவது வால்வு இல்லை.
இருக்கிறது, அசையாது.
புயலடித்த வருஷம் கோயிலுக்குள் கடல் ஏறியபோது
மூன்று நாள் உப்பில் கிடந்தது.
மண்ணெண்ணெய் விட்டு இரண்டைக் கழற்றிவிட்டோம்.
மூன்றாவது மசியவில்லை.

நெயாஃபு துறைமுகத்தில் படகு என்ஜின் பார்க்கும் ஃபெலேதி
குழாயை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இந்தச் சிவப்புப் புள்ளி தெரிகிறதா, லோசேலி?
பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும்.
உன் எச்சிலின் புளிப்பு, இந்தக் காற்றின் உப்பு,
துத்தநாகத்துக்கு ஒத்துக்கொள்ளாது.
சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடும்.
மிச்சம் செம்பு மட்டும்.
பார்க்க முழுசாக இருக்கும்,
அழுத்தினால் முட்டை ஓடு."

என் அண்ணன்மார் இருவரும் ஆக்லாந்தில்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

எச்சில் வடிக்கும் துளைக்குக் கார்க் போய்
சைக்கிள் டியூப் வந்தது.
ஸ்பிரிங்குக்கு ரப்பர் வளையம்,
மழையென்றால் ஒன்று, வெயிலென்றால் இரண்டு.
விரிசலுக்கு மதினியின் ரோஸ் நகப்பூச்சு.
வால்வு எண்ணெய் தீர்ந்ததும் தையல் மெஷின் எண்ணெய்,
அதுவும் தீர்ந்ததும்
துப்பல்.
வெள்ளி முலாம் பல்லிளித்து ஆறு வருஷம்.

எங்கள் ஊரில் ஸ்வரங்களை எண்ணால் எழுதுவோம்.
எண்ணிக்கை மூன்றில் தொடங்கும்.
என் வாத்தியம் இரண்டோடு முடிந்துவிடும்.

மூன்றாவதைத் தனியாகக் கேட்கும் ஸ்வரத்துக்கு
ஒன்றையும் இரண்டையும் சேர்த்து அழுத்திச் சமாளிக்கலாம்.
இரண்டும் மூன்றும் சேர வேண்டிய இடத்தில்
ஒரு வழியும் இல்லை.
அங்கெல்லாம் பென்சிலால் ஒரு காற்புள்ளி போட்டேன்.
மூச்சு வாங்கும் இடம் என்று பேண்ட் மாஸ்டர் நம்பினார்,
அல்லது நம்பியதாக இருந்துவிட்டார்.
பக்கத்தில் டெனர் ஹார்ன் கலோலைனே
தன் ஸ்வரத்தைப் போட்டுவிட்டு என்னுடையதை எட்டிப் பிடிப்பாள்.
அவளுடையதைக் கார்னெட் பையன் பிடிப்பான்.
அவனுடையதைப் பிடிக்க ஆளில்லை.
கூரைத் தகரத்தில் புறா நடக்கிற சத்தம்
அந்த இடத்தில் கேட்கும்.

மார்ச் மாதக் கப்பலில் பெட்டி வந்தது,
இன்வர்கார்கில் பள்ளிக்கூடம் ஒன்று கழித்துக்கட்டியது.
நான்கு வால்வு. நான்கும் வெண்ணெய்.
தலைமை டீக்கனின் அடக்கத்தில் முதன்முதலாக ஊதினேன்.
காற்புள்ளி வந்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது.
அடுத்த காற்புள்ளியில் பிடிவாதமாக ஊதினேன்,
கலோலைனேயும் ஊதினாள்,
ஒரே ஸ்வரம் இரண்டாகக் கனத்து
அவள் இடம் காலி, கார்னெட் பையன் எங்கேயோ.
சவப்பெட்டியைத் தூக்கியிருந்தவர்கள்
கால் மாற்றி வைத்தார்கள்.

"அந்தப் பென்சில் குறிகளை அழி" என்றார் மாஸ்டர்.
அழித்தேன்.
தாளைச் சாய்த்துப் பிடித்தால் பள்ளம் தெரியும்.

பழையதை எடைக்குக் கேட்டான் ஃபெலேதி.
"பித்தளை விலையா?" என்றேன்.
நகத்தால் தட்டிக் கேட்டான்.
"இதில் துத்தநாகம் எங்கே இருக்கிறது?
செம்பு விலையே தரலாம். அதிகம்தான்."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.