பாக்கி முப்பத்திரண்டு

திருவனந்தபுரத்தில் அண்ணனுக்கு மூட்டுவைத்தியம்.
எண்ணெயில் ஊறிக் கிடப்பவரை அங்கேயே விட்டுவிட்டு
இரண்டு நாளைக்கு என்னிடம் வந்திறங்கினாள் ஜுவைனா,
ஜங்ஷன் பிளாட்பாரத்தில்,
கறுப்பு அபாயாவில் ஆரல்வாய்மொழிப் புழுதியோடு.

மஸ்கட்டில் பதினோரு வருஷம் நைட் டூட்டி எனக்கு.
ஊர் என்று நான் கண்டது வார்டும் குவார்ட்டர்ஸும்.
ஒரு வெள்ளிக்கிழமை இவள்தான் காரில் ஏற்றி
மத்ரா கடைத்தெரு, மீன் சந்தை, சாம்பிராணிப் புகை,
கடைசியில் தன் மாமியார் வீட்டுத் தரைவிரிப்பு வரை
கூட்டிப்போனாள்.
கைக்குள் மறையும் கிண்ணத்தில் ஏலக்காய்க் காப்பி.
குடிக்கக் குடிக்க ஊற்றினார்கள்.
மரியாதைக்குக் குடித்தேன்.
ஏழாவதில்தான் காதோரம் சொன்னாள்:
போதுமென்றால் கிண்ணத்தை லேசாக ஆட்ட வேண்டுமாம்.
அன்று வார்டில் எல்லாரும் தூங்கினார்கள்.
எனக்கு மூன்று நாள் தூக்கம் வரவில்லை.

இப்போது என் முறை.
பாளையங்கோட்டை அவள் வாயில் நுழையவில்லை.
அரபியில் அந்தப் ப கிடையாது,
பஸ்ஸில் வருகிற ப தான் வருகிறது.
தாளில் எழுதிக் காட்டினேன், பஸ்ஸும் பாளையும்.
இரண்டுக்கும் ஒரே எழுத்து.
“பார், உங்கள் எழுத்து என் கட்சி” என்றாள்.

சாயங்காலம் டவுனில் அல்வாவுக்கு வரிசை.
இலைத்துண்டில் சுடச்சுட, மணிக்கட்டு வரை நெய்.
அவளும் கொண்டுவந்திருந்தாள் ஒரு டப்பா,
குங்குமப்பூவும் பன்னீரும் கமகமக்க.
அங்கேயும் அதற்குப் பெயர் அல்வாதான்.
“நன்றாக வழுக்குகிறது. வாசனைதான் இல்லை.”
நான் அதைத் தமிழில் சொல்லாமல் விட்டிருக்கலாம்.
என் வீட்டுக்காரர் தங்கதுரைக்கு முகம் சுண்டிப்போச்சு.
“வாசனை என்னத்துக்கு?
இது ஆத்துத்தண்ணி ருசி.
வேற எங்க கிண்டுனாலும் வராதுன்னு சொல்லு அவியகிட்ட.”
சொன்னேன்.
“அப்படியா? தண்ணீரைக் காட்டு.”

பாலத்தில் நின்றபடி காட்டிவிட்டுத்
திரும்பிவிடுவதாகத்தான் என் கணக்கு.
மேலிருந்து பார்த்தால் ஆறு அழகு:
நாணல், நீர்க்காகம், யாரோ துணி அடித்த பிறகு
ஒரு நொடி கழித்து வரும் சத்தம்.
ஆனால் திரும்பி வரும்போது அவள் நின்றது
பாளையங்கால்வாய் ஓரத்தில்.
சாம்பல் நுரை, பால் கவர்,
ஆகாயத்தாமரையில் சிக்கிய ஒற்றைச் செருப்பு.
“பலஜ்!” என்றாள், சொந்தக்காரரைக் கண்டதுபோல.
அவள் பிறந்த ஊரிலும் மலையடியிலிருந்து
இப்படித்தானாம் வாய்க்கால்.
ராத்திரியில் நட்சத்திரம் பார்த்து
வயலுக்கு வயல் தண்ணீர் திருப்புவார்களாம்.

மூக்கைப் பொத்துவாள் என்று நினைத்தேன்.
நாற்றத்துக்குச் சமாதானம்கூட யோசித்து வைத்திருந்தேன்.
அவள் கேட்டது வேறு:
“இன்றைக்கு யாருடைய முறை?”

நாற்பத்தாறு வருஷம் இதன் மேல்தான்
ஸ்கூலுக்கும் சர்ச்சுக்கும் போய்வந்திருக்கிறேன்.
தெரியவில்லை.
கரையில் ஆட்டோ கழுவியவரைக் கேட்டேன்.
“முறையா? அது கீழ மடைப் பக்கம் கேக்கணும்க்கா.
இங்க நம்ம முறைதான்,” என்று
இன்னொரு வாளி மொண்டார்.
அதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று
எனக்குப் பிடிபடவில்லை.

டீக்கடையில் ஒரே மூச்சில் குடித்துவிட்டு
கண்ணாடி டம்ளரை லேசாக ஆட்டினாள்.
மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்,
வாங்கினார், நிறைத்துக் கொடுத்துவிட்டார்.
நான் வாயைத் திறக்கவில்லை.
ஏழில் ஒன்றாவது கழியட்டும்.

தனியார் பஸ்ஸில் ஐம்பது ரூபாய் நீட்டினேன்.
கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் கிறுக்கினார்:
“சில்லறை இல்லம்மா. பாக்கி எறங்கும்போது வாங்கிக்கிடுங்க.”
திடுக்கிட்டுத் திரும்பினாள் ஜுவைனா.
“பாக்கி? அவருக்கு அரபி தெரியுமா?”
அதை விளக்கப்போய், சிரிக்கப்போய்,
ஸ்டாப்பும் வந்து இறங்கியும் விட்டோம்.
பஸ் போய்விட்டது.

அந்த டிக்கெட் இப்போது மஸ்கட்டில்,
அவள் பர்ஸுக்குள்.
பின்பக்கம் நீல மையில் 32.
போனில் அடிக்கடி ஞாபகப்படுத்துகிறாள்.