சோதனைக் குரல்

அல்சூர் ஏரியைச் சுற்றும்போதே
பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள்.
கன்னடம், தெலுங்கு, மலையாளம், எங்கள் தமிழ்,
நான்குக்கும் ஒரே கொட்டாவி.
கணக்குப் பிரிவு விசாலம்
முதல் மாதம் சேலையை ஒடுக்கிக்கொண்டு
சீட்டின் விளிம்பில் உட்கார்ந்து வந்தாள்.
மூன்றாம் மாதம் என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.
பழைய மெட்ராஸ் ரோட்டுப் பள்ளங்களுக்கு
ஆள் பார்த்துக் குலுக்கத் தெரியாது.

கே.ஆர்.புரம் தாண்டி சங்கு ஊதும்.
என் வேலை
கறுப்பு ரிசீவரை எடுத்து
வாய்ப்பக்கத்தில் உதடு வைத்து
ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்வது.
சுவருக்கு அப்பால் பிலோமினா
கேட்டால் பச்சை விளக்கு,
கேட்காவிட்டால் சிவப்பு.
ஷிஃப்டுக்கு நூற்றி அறுபது, எட்டு வருஷம்.
இந்த நாட்டில் என் அளவுக்கு
டெலிபோனில் பேசியவர் இருக்க முடியாது.
பேசியது மூன்று வார்த்தை.

டயல் வரிசையில் சென்னம்மா.
ஒன்றைச் சுற்றினால் சட்டென்று திரும்பும்.
பூஜ்யம்தான் முழு வட்டம் போய்
சாவகாசமாக வரும்.
"ஒண்ணுமில்லாததுக்குத்தான் தூரம் ஜாஸ்தி"
என்பாள் அவள் பாஷையில்.
எண்ணிப் பார்த்தேன்: பத்துத் துடிப்பு.
சரிதான்.

கவரில் நூற்றிப் பதினெட்டு ரூபாய்.
தவணையில் அவருக்கு சைக்கிள்,
அடுத்த வருஷம் எனக்கு
இதே ஊரில் செய்த கைக்கடிகாரம்.
ஸ்டவ் வந்தது, விறகுக்கடை பாக்கி தீர்ந்தது.
டெலிபோன் மட்டும் வரவில்லை.
எழுதிப் போட்டால் ஏழு வருஷம் என்றார்கள்.
அப்பா போன சேதி
தந்தியில்தான் வந்தது,
அதுவும் அவர் பெயரில் ஓர் எழுத்துக் குறைந்து.

வெள்ளிக்கிழமை லாரி ஏறும்.
பெட்டிகள்மேல் பிலாய், கட்டாக், பதான்கோட்.
ரயில் போகும் ஊரெல்லாம்
பள்ளிக்கூட மேப்பைவிட்டு இறங்கி
எங்கள் ஷெட்டில் வரிசையில் நிற்கும்.

ஒருநாள்
குடியாத்தம்.
முப்பது கருவி.

எங்கள் ஊரில் போன் வைக்கக்கூடிய வீடுகளை
விரல் விட்டு எண்ணிவிடலாம்.
ஒன்று நிச்சயம் ரைஸ்மில் வீடு.
கொல்லைப்புறம்
அம்மா கையைக் குவித்து நிற்க
ஒரு முழ உயரத்திலிருந்து
தண்ணீர் விழும். சொம்பு கையில் படாது.
மிச்சம் முழங்கை வழியே
தரைக்குப் போகும்.

முப்பதையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.
உதடு நன்றாகப் பட
ஒன்று.
இரண்டு.
மூன்று.
பதினேழாவதில் பிலோமினா எட்டிப் பார்த்து
"இன்னைக்கு என்ன இவ்வளவு நிதானம்?" என்றாள்.
"குடியாத்தத்துக்குக் காது மந்தம்" என்றேன்.

துடைத்துத்தான் அனுப்ப வேண்டும், விதி.
துடைத்தேன்.
வட்டத் துளைகளுக்கு உள்ளே
கரித்தூள் அறைக்குத் துணி போகாது.
மூச்சு அங்கே தங்குமா என்று
இன்ஜினியர் ஹெப்பாரைக் கேட்டேன்.
மூச்சு தங்காதும்மா, ஈரம் தங்கும்,
அதனால்தான் சிலது கரகரக்கும் என்றார்.

அந்த மழைக்காலம்
லைன்மேன் வேலைக்குப் போயிருந்த தம்பி
கடுதாசியில் எழுதியிருந்தான்:
ரைஸ்மில் வீட்டில் ஓயாமல் புகார்,
நெல் விலை கேட்கும்போதெல்லாம்
யாரோ முன்னாலேயே பேசிவிட்டுப் போனதுபோல்
உள்ளே ஒரு சத்தம்,
என்ன செய்யலாம் அக்கா.

இன்லண்டில் இடம் கொஞ்சம்தான்.
உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு
வாயை இன்னும் ஒட்டி வைத்துப்
பேசச் சொல், என்று எழுதினேன்.