ஊர் பார்த்தல்

குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில்
என் கையெழுத்தில் பதினொரு கேள்விகள்.
நடந்து போகிற தூரத்தில் காடு உண்டா.
குழாய்த் தண்ணீரில் ஈயம் எவ்வளவு.
நூலகம் திங்கட்கிழமை திறந்திருக்குமா.
மருத்துவமனைக்கு எத்தனை மைல்.
பிள்ளைகள் வீட்டிலேயே படிக்கிறார்கள் என்றால்
அந்த மாநிலம் எத்தனை படிவம் கேட்கும்.
இப்படியே போகும்.
பன்னிரண்டாவதை வென்டெல் பென்சிலால் எழுதினான்:
நல்ல ரொட்டிக் கடை.

மே மாதம், சின்சினாட்டியிலிருந்து வடக்கே.
பின்சீட்டில் லினியா, ஒரு பெட்டிப் புத்தகம்,
ஓடிஸ், ஓடிஸின் மடியில்
ஒரு ஜாடி தலைப்பிரட்டை.
வளைவில் தண்ணீர் தளும்பும்போதெல்லாம்
'மெதுவா' என்றது ஐந்து வயது அதிகாரம்.

முதல் ஊர் அழகென்றால் அப்படியொரு அழகு.
ஏரி. ஏரியைப் பார்த்த வீடுகள்.
வீடுகளின் விலை.
விலையைக் கேட்டதும் ஏரி
நாலடி பின்வாங்கியது.

இரண்டாம் ஊர் ஆற்றில்
மீன் பிடிக்கலாம், தின்னக் கூடாது
என்றது பலகை.
காகித ஆலை மூடி முப்பது வருடமாம்.
ஆற்றுக்கு ஞாபகம் அதிகம்.

மூன்றாம் ஊர், செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று.
கல்லாவில் இருந்த பெண் பிள்ளைகளை எண்ணினாள்,
பிறகு என்னை.
'பள்ளிக்கூடம் லீவா?'
எப்போதும் சொல்வதைச் சொன்னேன்.
எல்லோரும் பார்ப்பதைப் போல் பார்த்தாள்.
சில்லறை கொஞ்சம் சத்தமாக விழுந்தது.

நான்காம் ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன்,
சொன்னால் விலை ஏறிவிடும்.
ஒரே ஒரு சிக்னல்,
அதுவும் இருட்டினால் மஞ்சளில் கண்சிமிட்டும்.
வீட்டுக்குப் பின்னால் பிர்ச் மரங்கள்,
அதற்கும் பின்னால் சதுப்பு.
வீடு காட்டிய ஹால்வர்
குறைகளில் தொடங்கினார்:
ஏப்ரலில் சேறு, ஜூனில் கொசு,
கிணற்றில் இரும்பு, வெள்ளைத் துணி பழுக்கும்,
கூரை இன்னும் மூன்று குளிர்காலம் தாங்கினால் பெரிது.
நம்பத் தோன்றியது.

சதுப்பின் ஓரம் மண்டியிட்டு
ஜாடியைக் கவிழ்க்கப் போனான் ஓடிஸ்.
லினியா பிடித்துக்கொண்டாள்.
'அது வேற ஊர்த் தண்ணி. அதில வேற ஊர் நோய் இருக்கும்.'
அவன் அழுதான்.
நானும் வென்டெலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்,
எங்களுக்கே உரிய அந்தப் பெருமையோடு,
பார்த்தாயா, எந்த வகுப்பறையில் கிடைக்கும் இது என்று.

மூன்றரைக்கு மஞ்சள் பேருந்து வந்தது.
கதவு மடங்கித் திறந்தது.
இறங்கியவர்களில் ஒருத்தியின் ஷூ நாடா அவிழ்ந்திருந்தது.
இன்னொருத்தி வேண்டுமென்றே அதை மிதித்தாள்.
இருவரும் சிரித்தார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு,
ஒன்றுமேயில்லாத ஒன்றுக்கு.
லினியா வேலிக்கம்பியில் கைவைத்து நின்றாள்.
பேருந்து திருப்பத்தில் மறைந்த பின்னும் நின்றாள்.
நான்கு வருடமாகப் பறவைக் குறிப்பேடு வைத்திருக்கிறாள்.
எந்தப் பறவையையும்
அப்படிப் பார்த்ததில்லை.

இரவு விடுதியில் வாக்கெடுப்பு.
வென்டெல், நான்காம் ஊர்.
ஓடிஸும் அதே, கூடவே
பின்னங்கால் முளைத்த ஒன்றுக்கும்
ஓட்டுரிமை வேண்டுமென்றான்.
லினியா, நான்கு.
ஏன் என்றேன்.
'காடு' என்றாள், நகத்தைப் பார்த்தபடி.
பொய் சொல்ல நான் கற்றுக்கொடுத்ததில்லை.
எங்கள் பாடத்திட்டத்துக்கு வெளியே
தானாகவே எங்கோ படித்திருக்கிறாள்.

எல்லோரும் தூங்கிய பிறகு தாளைத் தேடினேன்.
ஜாடிக்கு அடியில் கிடந்தது.
மை ஊறிக் கலைந்து
என் பதினொன்றும் நீலக் குட்டையாகியிருந்தன.
பென்சில் வரி மட்டும் அழியவில்லை.

அதன் கீழே, அதே பென்சிலால்,
பதின்மூன்று என்று போட்டேன்.
காலையில் அந்தப் பேருந்து எத்தனை மணிக்கு
என்று எழுதினேன்.
கேள்விக்குறி போட
வெகுநேரம் ஆனது.