வேகம் 3.1

எண்ணின்மேல் மவுஸ் முனையை வைத்தேன்.
காரணங்கள் சரமாய்த் தொங்கின:
ஆள் எண்பத்தேழு, அதில் பாதி கால்நடை.
பின்னால் வரும் மாடுகளும் கால்நடைதான்.
காடு. வெண்பனி. இரவு.
எந்த ஊரும் வாங்காத மண்சட்டிகள் இருநூறு.
கயிற்றில் கட்டிய கைதிகள்,
காயம்பட்டவர் பதினொருவர்.

குதிரைக் கொள்ளையர் வருகிறார்கள்,
5.8.

"கைதியள விடு மக்கா.
தின்னவும் செய்யும், நடக்கவும் செய்யாது"
கட்டிலில் கிடந்தபடி டெல்பின்.
வில்லுக்குறி வளைவில் டிப்பர் தட்டி
மூன்று வாரமாய் அவன் இடதுகால்
மாவுக்கட்டுக்குள்.

விட்டேன். 3.6.
சட்டிகளைப் பனியில் கொட்டினேன். 4.3.
நடப்பவனுக்கு ஆளுக்கொரு குதிரை;
மிஞ்சிய குதிரை மந்தைக் கணக்கில் போய்
திரும்ப இழுக்கும், அதையும் அவிழ்த்தேன்.
மாடுகளை இறைச்சியாக்கினேன். 5.2.

இனி அந்தப் பதினொருவர்தான்.
அதற்கும் ஒரு பொத்தான் இருந்தது.
டெல்பின் ஒன்றும் சொல்லவில்லை,
ஈர்க்கிலைக் கட்டுக்குள் விட்டுச் சொறிந்தான்.

வெளியே தக்கலை ரோட்டில்
பாறை ஏற்றிய லாரிகள் களியக்காவிளைப் பக்கம் ஊர்ந்தன.
நடுவில் மாட்டிய கடைசி பஸ்
ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது,
அழுத்தி என்ன.

"ஒண்ணுக்குப் போணும்லே" என்றான்.

ஸ்பேஸ் பாரைத் தட்டிவிட்டுத் தோள் கொடுத்தேன்.
கட்டிலிலிருந்து குளியலறைக்குப்
பதினாலு எட்டு.
நடுவில் நிலைப்படி.
அதில் இரண்டு தரம் நின்றோம்.

திரையில் கொள்ளையர் குதிரைகள்
தூக்கிய காலைக்
கீழே வைக்காமல் நின்றன.