ஐம்பத்தோராவது பிள்ளை

நேர்காணல் கடிதம் வந்த அன்று
முதல் எழும்பின கேள்வி:
கிளாக்கரை ஆரிட்டை விடுறது?
எந்தச் சீலை உடுக்கிறது என்பது இரண்டாவது.

கேட்க முன்னமே ஓமென்றார் செபமாலை அண்ணர்.
மதிலில் வரிசையாய் இருந்த
அவருடைய மூன்று பூனைகளும்
ஓமென்றன.
மச்சாள் வீட்டில் பிள்ளை பிறந்து முப்பத்தொன்று கழியவில்லை,
இவனோ விடிய ஐந்துக்கே அலுவலகம் திறப்பவன்.
மருந்தகத்தில் என்னோடு நிற்கிற வாகினி
"கூட்டைத் திறந்துவிடன், பறக்கட்டும்" என்றாள்.
பறக்கிறதாம்.
வலச்செட்டை ஃபானில் அடிபட்டு மூன்று வருசம்.
திறந்துவிட்டால் நடந்துதான் வெளிக்கிடுவான்,
நெஞ்சை நிமிர்த்தி, கோப்பு பார்க்கப் போறவர் மாதிரி
கதவுநிலை மட்டும் வந்து,
வெளியைப் பார்த்து,
ஒப்பம் வைக்காமல் திரும்பிவிடுவான்.

கடைசியில் யோகநாயகி ரீச்சர்.
கொக்குவில் ஸ்ரேசனுக்குப் பின்னால் தகரக் கொட்டில்,
ஓஎல் கணிதம், ஐம்பது பிள்ளைகள்.
"கொண்டு வா. இவர் ஐம்பத்தோராவது."
காசு கதைக்க வாய் எடுத்தேன்.
பார்த்த பார்வையில் வாய்ப்பாடு மறந்துபோனது.

கொப்பித்தாளில் எழுதிக் கொடுத்தேன்:
காலமை ஊறின பயறு, ஒரு பிடி.
செத்தல் மிளகாய் இரண்டு, விதையோடு.
வேலியில் கண்டால் கொவ்வைப்பழம்.
ஆனைக்கொய்யா கூடவே கூடாது.
தான் மிதித்த தண்ணீரைக் குடியான், பின்னேரமும் மாற்றுங்கோ.
இரவில் இந்தச் சாரத்தாலேயே மூடுங்கோ,
வேறு துணியெண்டால் விடியுமட்டும் கம்பியைக் கொறிப்பான்.
வெளிக்கிடேக்கை "வாறன்" எண்டு சொல்லாதேங்கோ.
சொன்னால் வாசலைப் பார்த்தபடி பட்டினி.

ஒன்பது நாளுக்கு இவ்வளவும் போதும்.
தாளின் கீழே நாலு விரல் அகலம் மிச்சம்.
விசா கிடைத்தால்?
அதற்கு ஒரு வரி எழுதத்தான் வேண்டும்.
பேனையை மூடினேன்.

சொல்லாமல்தான் வெளிக்கிட்டேன்.
படலை கடக்கேக்கை
பின்னால் கிளாக்கர் சொன்னான்: "வாறன்."
நாலு வருசத்துக்கு முதல்
சூட்கேசோடு நின்ற ஒருவரின் குரலில்.

கொழும்பில், கண்ணாடிக்கு அங்காலே
வெள்ளைக்காரி கேட்டாள்,
பக்கத்தில் இருந்த பெடியன் தமிழாக்கினான்:
உங்களை நம்பி இங்கே யாராவது இருக்கிறார்களா?
இல்லை, என்றேன்.
அந்த ஒரு சொல்லைப் பெயர்க்க
அவனுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

இரவில் வெள்ளவத்தையில் இருந்து அழைத்தால்
ரீச்சர் போனைக் கூட்டோடு பிடிப்பா.
வாங்கு இழுபடும் சத்தம்,
ஆரோ ஒரு பெட்டை இருமுகிற சத்தம்,
எக்ஸ் வர்க்கம், எக்ஸ் வர்க்கம்.
இவன் மூச்சுவிடவில்லை.
"நல்லாத்தான் கவனிக்கிறார்" என்றா ரீச்சர்,
"கடைசி வாங்கை விடக் கெட்டிக்காரன்."

பதில் ஆறு கிழமையில் வருமாம்.

ஒன்பதாம் நாள் கூட்டோடு
என் தாளையும் திருப்பித் தந்தா.
ஒவ்வொரு வரிக்கும் சிவப்புச் சரி.
மிளகாய்க்குப் பக்கத்தில்: மூன்று தின்றார்.
கீழே நான் வெறுமையாய் விட்ட இடத்தில்
மேலிருந்து கீழாய்ச் சரிவாக ஒரு கோடு,
விடைத்தாளில் எழுதாமல் விட்ட பக்கத்துக்கு
இனி எவரும் எழுதிச் சேர்க்காதபடி
போடுவது போல.
நான் அவவைப் பார்த்தேன்.
அவ கரும்பலகையை அழித்துக்கொண்டு நின்றா.

ஓட்டோவில் மடியில் கூடு.
தட்டாதெருச் சந்தி வருமட்டும் பேச்சில்லை.
பிறகு சாரத்துக்குள் இருந்து
அச்சொட்டாய் ரீச்சரின் தொண்டை:
"விளங்கினதோ?"

எனக்கு முதல்
முதுகை நிமிர்த்திக்கொண்டு
ஓட்டோக்காரப் பெடியன் சொன்னான்,
"ஓம் ரீச்சர்."